இரண்டு முனையிலும் ஆள் வேண்டும்: ஏழாம் வகுப்பில் நடந்த ஒரு கூட்டுக் கற்றல், நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2023–24 கல்வியாண்டில், தென்மாவட்டம் ஒன்றில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் நடந்தது. நான் அங்கே ஆறு முதல் எட்டு வரை கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். அந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் 29 பேர். பாதிக்கு மேல் தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள்.

குழுவாக உட்காரவைத்துப் பாடம் நடத்துவது எங்களுக்குப் புதிதில்லை. தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்த காலத்திலேயே, ஆறிலிருந்து எட்டு வரைக்கும் படைப்பாற்றல் கல்வி வந்துவிட்டது. படி, மனவரைபடம் போடு, குழுவில் தொகு, வலுவூட்டு என்று ஒரு வரிசை. 2012–13இல் முப்பருவ முறை வந்ததும் வளரறி மதிப்பீடு (அ) என்று செயல்பாடுகளுக்கு 20 மதிப்பெண் ஒதுக்கினார்கள். அதிலிருந்து குழு, சார்ட், மதிப்பெண் மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிள்ளைகளுக்கும் அது தெரியும். குழுவேலை என்றதும் "சார்ட் யார் வாங்குறது டீச்சர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பறைகளுக்கு முன்னால் 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு மைதானம். மழை பெய்தால் ஆறு, ஏழாம் வகுப்பு வாசலில் தண்ணீர் கட்டி நாலைந்து நாள் வடியாது. கரிசல் மண் காலில் அப்பிக்கொண்டு வகுப்பு முழுக்க வரும். வாசலுக்கு வருவதற்குச் செங்கல் போட்டு அதன்மேல் தாண்டித் தாண்டி வருவார்கள்.

பேனா யார் கையில் இருந்தது

ஜூலை மாதம் அறிவியலில் அளவீட்டியல் பாடம். ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முறையை வைத்து நடத்தினேன். பாடத்தை ஐந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் ஒரு பகுதியில் தேர்ந்து வந்து தன் குழுவுக்குச் சொல்லித்தர வேண்டும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில், வெள்ளை, கறுப்பு, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்ததால் வந்த பிணக்கைத் தணிக்க எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கியது இந்த முறை. ஒவ்வொரு பிள்ளையிடமும் மற்றவர்களிடம் இல்லாத ஒரு துண்டு இருக்கும், அதைக் கேட்காமல் முழுப் பாடம் யாருக்கும் கிடைக்காது. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு குழுவை மட்டும் பார்த்தேன். ஆறு பேர். வகுப்பின் முதல் மாணவி அதில் இருந்தாள். 40 நிமிடமும் பேனா அவள் கையிலேயே இருந்தது. ஒருத்தி ஸ்கேல் எடுத்துக் கொடுத்தாள், ஒருவன் சார்ட்டின் ஓரம் சுருளாமல் முழங்கையால் அழுத்திக்கொண்டிருந்தான், இரண்டு பேர் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். கொத்தனார் வீட்டுப் பையன் ஒருவன், வாசிக்கத் திணறுகிறவன், தன் பகுதியைச் சொல்ல வாயெடுத்தான். அவள் எரிச்சல் இல்லாமல், நல்லவிதமாகவே, "அது நான் எழுதிட்டேன்டா" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவள்மேல் தப்பில்லை. பாடப்புத்தகம் எல்லோர் பையிலும் இருக்கிறது, அவள் ஐந்து பகுதியையும் முந்தின இரவே படித்துவிட்டாள், மற்ற ஐந்து பேரிடமிருந்து அவளுக்கு வேண்டியது எதுவுமே இல்லை. துண்டுகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டதாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பத்து வருடமாக இப்படித்தான் நடத்தியிருக்கிறேன், எத்தனை பிள்ளைகள் சார்ட் ஓரத்தை அழுத்திப் பிடித்தே ஏழாம் வகுப்பைக் கடந்திருப்பார்கள் என்று தோன்றியது.

டியூப் மட்டம்

ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வருவதாக இருந்ததால் சமையல் கூடத்துக்குப் பக்கத்தில் தளம் போடும் வேலை நடந்தது. கொத்தனாரும் சித்தாளும் உள்ளே தண்ணீர் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மட்டம் பார்த்தார்கள். இடைவேளையில் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அந்தக் கொத்தனார், நான் சொன்ன பையனுக்குச் சித்தப்பா. என்னைப் பார்த்ததும் அவரே விளக்கினார்: "ஒண்ணுமில்ல டீச்சர், இந்த முனையில தண்ணி எங்க நிக்குதோ அந்த முனையிலயும் அதே ஒசரத்துலதான் நிக்கும். நடுவுல டியூப் எப்படிக் கெடந்தாலும் சரி."

ஒரு மாணவி, "ஒரே ஆளு பாக்க முடியாதாண்ணே?" என்று கேட்டாள். "ரெண்டு முனையிலயும் ஆள் வேணும்மா" என்றார்.

எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. பருவத்துக்கான செயல்பாடாக மைதானத்தை மட்டம் பார்ப்பது, எங்கே தண்ணீர் கட்டும் என்று வரைபடம் போடுவது, மழை வந்ததும் சரிபார்ப்பது. இதைத் தேர்ந்ததற்கு முதல் காரணம், இந்தக் கருவியை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாலும் தனியாகப் பிடிக்க முடியாது. விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது இரண்டாவது. அப்புறம், கணக்கில் அப்போது முழுக்கள் நடந்துகொண்டிருந்தது. மேடு பள்ளம் என்றால் மிகை எண்ணும் குறை எண்ணும் தானாக வந்துவிடும்.

மைதானத்தில் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கோலப்பொடியால் குறித்தோம். ஒரு வரிசைக்கு 7 புள்ளி, ஐந்து வரிசை, மொத்தம் 35. குழுவுக்கு ஒரு வரிசை. இரண்டு பேர் டியூப் முனையில், இரண்டு பேர் தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க மீட்டர் அளவுகோலோடு, ஒருவர் எழுத, ஒருவர் டியூபுக்குள் குமிழி இருக்கிறதா என்று பார்க்க. குழுவை அவர்களே சேர்ந்துகொள்ளச் சொன்னால் தெருவாரியாகப் போய் நிற்பார்கள் என்று முன் அனுபவத்தில் தெரியும். அதனால் வருகைப் பதிவேட்டு எண்ணை வைத்து நானே பிரித்தேன்.

அளவெடுத்த நாட்கள்

முதல் நாளே ஒன்று நடந்தது. கொத்தனார் டியூபின் ஒரு முனையை வாளியில் போட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சித்தான் தண்ணீர் ஏற்றுவார். பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். முதல் குழுவில் ஒரு பையன் உறிஞ்சினான். அடுத்த குழுவின் முறை வந்தபோது முனையை வாங்கிய பையன் அதைச் சட்டையில் துடைத்தான், திரும்பத் துடைத்தான், பிறகு வாளியிலேயே போட்டுவிட்டான். முதல் பையன் எந்தத் தெரு, இவன் எந்தத் தெரு என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நான் உடனே "வாயில வைக்கிறது சுகாதாரம் இல்லப்பா" என்று சொல்லி, புனல் வைத்து ஊற்றச் சொன்னேன். வேலை தொடர்ந்தது. சுகாதாரம் என்பது பொய்யான காரணமும் இல்லை. ஆனால் நான் அதை ஏன் சொன்னேன் என்று முதல் பையனுக்குப் புரிந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்குக் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன், இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

மூன்றாவது குழு நான் கவனித்துவந்த குழு. முதல் மாணவி வழக்கம்போல நோட்டை எடுத்துக்கொண்டாள். கொத்தனார் வீட்டுப் பையன் தூர முனையில். அவள் கேட்பாள், இவன் பக்கத்து அளவுகோலில் எண்ணைப் பார்த்துச் சொல்வான், அவள் எழுதுவாள். மூன்றாவது புள்ளியிலிருந்து நான்காவதுக்கு வந்தபோது, "நில்லு புள்ள, தண்ணி இன்னும் ஆடுது" என்றான். அவள் காத்திருக்கவில்லை. மற்ற குழுவுக்கு டியூப் கொடுக்க வேண்டுமே என்ற அவசரம். எழுதிவிட்டாள்.

அன்றைக்கு மாலை நோட்டைப் பார்த்தால் அந்த இடத்தில் 14 சென்டிமீட்டர் இறக்கம். கண்ணால் பார்த்தாலே சமமாக இருக்கிற இடம். இந்த முறையில் ஒவ்வொரு புள்ளியையும் முந்தின புள்ளியோடு ஒப்பிட்டு எழுதுவதால், ஒன்று தப்பினால் அதிலிருந்து வரிசையின் கடைசி வரைக்கும் நாலு புள்ளியும் சேர்ந்து கெட்டுவிடும். பையன் மறுநாள் அவளிடம், "அந்த எடத்துல தப்பா இருக்கு, நான் அப்பவே சொன்னேன்" என்றான். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுடைய நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இருக்காது. மற்ற நாலு பேரும் அவன் பக்கம் பேசியதும் அழுதுவிட்டாள்.

நான் இரண்டு விஷயம் யோசித்தேன். அவளைச் சமாதானப்படுத்தி, பையனைப் பாராட்டிவிட்டால் அது ஒரு போட்டியாகி முடிந்துவிடும். அதனால் யார் சரி என்று சொல்லாமல், மறுபடி அளக்கச் சொன்னேன், ஆனால் ஆளை மாற்றி: அவள் டியூப் முனையில், அவன் நோட்டோடு. முனையைப் பிடித்து நின்றபோது, கட்டைவிரலை எடுத்ததும் தண்ணீர் மேலும் கீழுமாக ஆடி, மெல்ல மெல்ல அடங்குவதை அவள் முதல்தடவையாகக் கிட்டத்தில் பார்த்தாள். அது அடங்க எடுக்கும் நேரத்தை எழுதுகிறவரால் உணர முடியாது. பையன் "சொல்லு" என்றபோது, "இரு, இன்னும் நிக்கல" என்று அவள்தான் சொன்னாள். ஒரு முனையில் 84, மறுமுனையில் 86. இறக்கம் 2 சென்டிமீட்டர்தான். 14ஐ அடித்துவிட்டு அவன் கோணல்மாணலாக எழுதிய 2 அந்த நோட்டில் அப்படியே இருக்கிறது.

சேராத எண்கள்

செப்டம்பர் முதல் வாரம் ஐந்து வரிசையையும் ஒரே சார்ட்டில் ஏற்றினோம். பார்த்தால், வருடாவருடம் குளம் கட்டுகிற ஏழாம் வகுப்பு வாசல் வரைபடத்தில் மேடாக இருந்தது. "டீச்சர், இங்கதான் தண்ணி நிக்கும். மேப்பு மேடுன்னு சொல்லுதே" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு குழுவும் தன் வரிசையின் முதல் புள்ளியைப் பூச்சியம் என்று வைத்திருந்தது. ஐந்து வரிசைக்கு ஐந்து பூச்சியம். தனித்தனியாக எல்லாம் சரி, சேர்த்தால் எதுவும் சரியில்லை. திட்டம் போட்ட நான் இதை முன்கூட்டி யோசிக்கவே இல்லை. "இது டீச்சரோட தப்பு, எப்படிச் சரிசெய்யலாம்னு சொல்லுங்க" என்றேன்.

ஒரு பாடவேளை முழுக்கப் போனது. முதலில் எல்லாவற்றையும் புதிதாக அளக்கலாம் என்றார்கள். அப்புறம் ஒரு மாணவி, அதிகம் பேசாதவள், "வரிசை ஆரம்பத்த மட்டும் ஒண்ணோட ஒண்ணு அளந்தா போதும்ல?" என்றாள். கொடிக்கம்பப் பீடத்தைப் பொதுப் பூச்சியமாக வைத்து, அங்கிருந்து முதல் வரிசையின் தொடக்கம், அங்கிருந்து இரண்டாவது என்று ஐந்தே ஐந்து அளவு. குழுவுக்கு ஒருவர் வந்து சேர்ந்து எடுத்தார்கள். அந்த அரை மணி நேரம் எந்தக் குழுவும் இல்லை, ஒரே வகுப்பாக இருந்தது.

இரண்டாவது வரிசையின் தொடக்கம் −12, மூன்றாவதின் தொடக்கம் −21 என்று வந்தது. இரண்டாவது வரிசையில் ஐந்தாம் புள்ளி −3 என்றும் மூன்றாவதில் ஐந்தாம் புள்ளி +4 என்றும் இருந்ததால், மூன்றாவது 7 சென்டிமீட்டர் மேடாகத் தெரிந்தது. தொடக்கத்தைச் சேர்த்துக் கூட்டினால் −15, −17. உண்மையில் அது 2 சென்டிமீட்டர் பள்ளம். பலகையில் இதைப் போட்டபோது வகுப்பில் "ஆ…" என்று ஒரு சத்தம் எழுந்ததே, முழுக்களின் கூட்டலுக்கு இதற்குமுன் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

புதிய வரைபடத்தில் ஏழாம் வகுப்பு வாசல் பள்ளமாக வந்தது. தண்ணீரின் விளிம்பு எங்கே வரும் என்று மைதானத்தில் செங்கல் துண்டு வைத்துக் குறித்துவிட்டுக் காலாண்டுத் தேர்வுக்குப் போனோம்.

மழை வந்தபோது

நவம்பர் முதல் வாரம் நல்ல மழை. மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் பக்கம் தண்ணீர் ஏறக்குறைய செங்கல் வரைக்கும் வந்து நின்றிருந்தது. ஆனால் கை கழுவும் குழாய்ப் பக்கத்து மூலையிலும் தண்ணீர் கட்டியிருந்தது. வரைபடத்தில் அந்த மூலை மேடு.

அது ஐந்தாவது குழுவின் வரிசை. மத்தியானம் அந்தக் குழுவில் இரண்டு பேர் என்னிடம் வந்து, கடைசி மூன்று புள்ளியை அளக்கவில்லை, சும்மா எழுதினோம் என்றார்கள். அன்றைக்கு அந்தக் குழுவில் இரண்டு பேர் வரவில்லை, மற்ற நாலு குழுவும் முடித்திருந்தது, "சீக்கிரம், மணி அடிக்கப்போகுது" என்று நான் இரண்டு தடவை கத்தியிருந்தேன். நான் திட்டவில்லை. அவர்களாக வந்து சொன்னதே போதும் என்று தோன்றியது. மண் காய்ந்ததும் அந்த மூன்று புள்ளியையும் அளந்து வரைபடத்தில் திருத்தினார்கள்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை என்றாலும் மைதானம் மொத்தமும் தண்ணீருக்குள் போனது. செங்கல் துண்டுகளைத் தேடி எடுக்கவே ஜனவரி ஆகிவிட்டது.

அந்த மாதம் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வரைபடத்தை வைத்தோம். முதல் மாணவியும் கொத்தனார் வீட்டுப் பையனும் சேர்ந்து விளக்கினார்கள். அவள் எண்களைச் சொன்னாள், எவ்வளவு மண் எங்கே கொட்ட வேண்டும் என்பதை அவன் சொன்னான். பெற்றோர்கள் சேர்ந்து இரண்டு டிராக்டர் கிராவல் அடித்துத் தருவதாகச் சொல்லி, ஒன்று வந்தது.

மதிப்பெண் கொடுத்த விதம்

வரைபடத்துக்கு மதிப்பெண் கொடுக்கவில்லை. சார்ட்டுக்குக் கொடுத்தால் மறுபடி பேனா ஒரே கைக்குப் போய்விடும். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, இரண்டு அளவுகளைக் கொடுத்து எது மேடு, எவ்வளவு என்று கேட்டேன். அப்புறம் உன் குழுவில் யாரிடமிருந்து எதைத் தெரிந்துகொண்டாய் என்று ஒரே ஒரு கேள்வி. பெரும்பாலோர் நன்றாகச் சொன்னார்கள். மூன்று பேருக்கு அளவு பெரியதாக இருக்கும் முனை ஏன் பள்ளம் என்பது கடைசிவரை பிடிபடவில்லை.

ஏமாற்றமும் உண்டு. வளரறி மதிப்பீடு (ஆ)வுக்காக வைத்த சிறுதேர்வில் (−4) − (−7) என்ற கணக்கை, மைதானத்தில் தடுமாறாமல் மட்டம் பார்த்த பிள்ளைகளே தப்பாகப் போட்டார்கள். கொத்தனார் வீட்டுப் பையனும்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "பீடத்துக்கு 4 சென்டிமீட்டர் கீழ ஒரு எடம், 7 கீழ ஒரு எடம், முதல் எடம் எவ்வளவு மேடு?" என்றதும் "மூணு" என்றான். தாளில் எழுதினால் வரவில்லை. மண்ணிலிருந்து குறியீட்டுக்கு வர நடுவில் இன்னும் சில படிகள் வேண்டும், அதை நான் விட்டுவிட்டேன். அவனுக்கு வாசிப்பும் இன்னும் திணறல்தான். அதற்குத் தனியாக வேலை செய்கிறோம்.

இன்னொரு முறை செய்தால்

டியூபில் தண்ணீர் ஏற்றுவது முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் புனலில்தான். அந்த நிலைமையில் எந்தப் பிள்ளையையும் நிறுத்தக் கூடாது. அதோடு, அப்படி ஏதாவது நடந்தால் சுகாதாரத்தின் பின்னால் ஒளியாமல் அன்றைக்கே பேசுவேன். எப்படிப் பேசுவது என்று மூத்த ஆசிரியை ஒருவரிடம் கேட்டுவைத்திருக்கிறேன்.

ஆளை மாற்றுவது சண்டை வந்த பிறகு செய்த வைத்தியமாக இருக்காது. ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் பேனா கை மாற வேண்டும் என்று ஆரம்பத்திலேயே வைப்பேன். அளவெடுப்பதை மூன்று நாளில் முடிக்க நினைத்தேன், ஐந்து நாளாவது வேண்டும். ஆள் குறைந்த குழு அடுத்த நாள் அளக்கலாம். 5 மீட்டர் இடைவெளியில் சின்னக் குழிகள் தப்பிவிடுகின்றன, வாசல் பக்கம் மட்டுமாவது 2 மீட்டர் வைக்கலாம்.

ஐந்து பூச்சியம் விஷயத்தில் எனக்கு இன்னும் இரண்டு மனம். முன்கூட்டியே பொதுப் பூச்சியம் சொல்லிக்கொடுத்தால் நேரம் மிச்சம், ஆனால் அந்த ஒரு பாடவேளை கிடைக்காது. இந்த வருடம் சொல்லாமல்தான் விடப்போகிறேன்.

முதல் மாணவி இப்போது எட்டாம் வகுப்பு. புதிய ஏழாம் வகுப்புக்கு டியூப் பிடிக்கச் சொல்லித்தர வரட்டுமா என்று கேட்டாள், பையனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கிராவல் அடித்த பிறகு பள்ளம் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய நோட்டை எடுத்துவைத்தாயிற்று.